பாட்டன் இட்ட எல்லை



அகராதியில் ஒரு சொல்லைத் தேடும்போது நாம் முதற்பக்கம் தொடங்கி ஒவ்வொரு சொல்லாகப் படித்துக்கொண்டு போவதில்லை. ஏறக்குறைய நடுவில் திறக்கிறோம். நாம் தேடும் சொல் அந்தப் பக்கத்துக்கு முன்னே இருக்க வேண்டுமா, பின்னே இருக்க வேண்டுமா என்று பார்க்கிறோம். முன்னே என்று தெரிந்தால் பின்பாதியை அறவே மறந்துவிடுகிறோம். மிஞ்சிய பாதியிலும் இப்படியே செய்கிறோம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கேள்வியிலும் பாதியைக் கழித்துக்கொண்டே போனால், அவ்வளவு பெரிய நூலிலும் 17 கேள்விகளுக்குள் வேண்டிய சொல்லை அடைந்துவிடலாம். இரண்டைப் பதினேழு தடவை எழுதிப் பெருக்கினால் 1,31,072 வரும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இந்த ஆற்றல் நமக்கு எங்கிருந்து வருகிறது? சொற்கள் வரிசையாக நிற்கின்றன என்ற நம்பிக்கையிலிருந்து வருகிறது. பழைய நிகண்டுகள் சொற்களைப் பொருள்வகையால் தொகுத்து, செய்யுளாக்கி, மாணாக்கர் நெஞ்சில் பதித்துக்கொள்ளும்படி வைத்தன. 1594-ஆம் ஆண்டில் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை அகர வரிசைக்குக் கொண்டுவந்தது. 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியை ஆக்கினார். நினைவு சுமந்த பாரத்தை அன்று முதல் வரிசை சுமக்கத் தொடங்கியது எனலாம். ஆனால் இதில் ஓர் அபாயமும் உண்டு. வரிசை தவறிய இடத்தில் நினைவு துணைக்கு வராது. சொல் நூலில் இருக்கும். தேடுகிறவனோ 'இல்லை' என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுவான்.

இனி, கணிப்பொறிக்கு வருவோம். சொற்களை ஒரே நீண்ட வரிசையாக வைத்தால், புதிய சொல் ஒன்றை இடையே நுழைக்கும்போது பின்னால் நிற்கும் சொற்களையெல்லாம் நகர்த்த வேண்டியிருக்கிறது. இதற்கு மாற்றாக, சொற்களை மரம்போல் கிளைவிடச் செய்யும் ஒரு முறையை ஏறக்குறைய ஒரே காலத்தில் பலர் தனித்தனியே கண்டார்கள். 1960-ஆம் ஆண்டில் ஏ. டி. பூத், ஏ. ஜே. டி. காலின் என்னும் இருவர் இதைப்பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை, அகராதி அமைக்கும் புதிய முறை ஒன்றின் திறனைப் பற்றியதாகவே அமைந்தது. அதே ஆண்டில் பி. எஃப். விண்ட்லியும் இதைப்பற்றி எழுதினார். இம்மரத்தை இருகிளைத் தேடல் மரம் என்று அழைப்போம். இத்தகைய மரம் ஒன்றை நம் கையில் கொடுத்து, 'இது சரியான தேடல் மரந்தானா?' என்று கேட்டால் எவ்வாறு சோதித்து விடை சொல்வது என்பதே இன்றைய பேச்சின் பொருள். கணிப்பொறியியல் பயிலும் கல்லூரி மாணவருக்கு இது தெரிந்த வினா. பள்ளி மாணவரும் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டால் எளிதில் பின்தொடரலாம்.

நான் வாழும் ஆலங்குளத்தையும் சேர்த்து, இப்பகுதியைச் சார்ந்த ஏழு ஊர்ப் பெயர்களை எடுத்துக்கொள்கிறேன். அகர வரிசையில் சொல்வதானால் ஆலங்குளம், கடையம், குற்றாலம், சுரண்டை, தென்காசி, பாவூர்சத்திரம், முக்கூடல். நடுவில் நிற்பது சுரண்டை. அதைத் தாளின் மேல் நடுவில் எழுதுங்கள். அதுவே வேர். இந்த மரத்துக்கு வேர் மேலே இருக்கும். கிளைகள் கீழ்நோக்கி இறங்கும். சுரண்டைக்குக் கீழே இடப்புறம் கடையம், வலப்புறம் பாவூர்சத்திரம். கடையத்துக்குக் கீழே இடப்புறம் ஆலங்குளம், வலப்புறம் குற்றாலம். பாவூர்சத்திரத்துக்குக் கீழே இடப்புறம் தென்காசி, வலப்புறம் முக்கூடல். ஏழு ஊர்களும் அமர்ந்துவிட்டன. ஒவ்வோர் ஊரும் இருக்கும் இடத்தைக் கணு என்போம். ஒரு கணுவுக்கு நேர் மேலே உள்ளது தந்தை. அதற்கும் மேலே உள்ளது பாட்டன். நேர் கீழே உள்ளவை பிள்ளைகள்.

குற்றாலத்தைத் தேடுவோம். சுரண்டைக்கு முற்பட்டது, ஆகவே இடப்புறம். கடையத்துக்குப் பிற்பட்டது, ஆகவே வலப்புறம். அங்கே குற்றாலம் இருக்கிறது. மூன்றே பார்வையில் கண்டுவிட்டோம். பத்து நிலைகள் நிரம்பிய மரத்தில் 1,023 பெயர்களை வைக்கலாம். இருபது நிலைகள் நிரம்பினால் 10,48,575 பெயர்களை வைக்கலாம். அத்தனை பெயர்களுக்கிடையிலும் ஒன்றைத் தேட இருபது பார்வைக்கு மேல் வேண்டியதில்லை.

இப்போது உங்கள் தாளில் ஒரு சிறு மாற்றம் செய்யுங்கள். குற்றாலத்தையும் தென்காசியையும் இடம் மாற்றி எழுதுங்கள். கடையத்தின் வலப்பிள்ளை இப்போது தென்காசி. பாவூர்சத்திரத்தின் இடப்பிள்ளை குற்றாலம். இந்த மரத்தை ஒரு மாணவனிடம் கொடுத்துச் சோதிக்கச் சொன்னால், பெரும்பாலும் அவன் எப்படிச் சோதிப்பான்? ஒவ்வொரு தந்தையையும் அதன் பிள்ளைகளோடு ஒப்பிடுவான். சுரண்டைக்கு இடப்புறம் கடையம், சரி. வலப்புறம் பாவூர்சத்திரம், சரி. கடையத்துக்கு இடப்புறம் ஆலங்குளம், சரி. வலப்புறம் தென்காசி, ககரத்துக்குப் பின் தகரம், அதுவும் சரி. பாவூர்சத்திரத்துக்கு இடப்புறம் குற்றாலம். பகரத்துக்கு முன் ககரம், அதுவும் சரி. வலப்புறம் முக்கூடல், சரி. ஆறு ஒப்பீடும் சரியாக இருப்பதால் மரமும் சரி என்று சொல்லிவிடுவான்.

இந்த மரத்தில் குற்றாலத்தைத் தேடிப் பாருங்கள். சுரண்டைக்கு முற்பட்டது என்று இடப்புறம் இறங்குகிறோம். கடையத்துக்குப் பிற்பட்டது என்று வலப்புறம் திரும்புகிறோம். அங்கே தென்காசி நிற்கிறது. குற்றாலம் தென்காசிக்கு முற்பட்டது. அதன் இடப்புறம் வெறுமை. 'குற்றாலம் என்றோர் ஊர் இல்லை' என்று கணிப்பொறி அறிவித்துவிடும்! அருவியில் தலையை நனைத்துக்கொண்டு நிற்பவனிடம் அருவியே இல்லை என்று சொல்வது போலாயிற்று. தென்காசியைத் தேடினாலும் இதே கதிதான். சுரண்டையிலிருந்து வலப்புறம் சென்று, பாவூர்சத்திரத்திலிருந்து இடப்புறம் திரும்பினால், அங்கே குற்றாலம் நிற்கும், அதற்கப்பால் ஒன்றுமில்லை. 2019 நவம்பர் 22-ஆம் நாள் முதல் ஒரு மாவட்டத்துக்கே தலைநகராக விளங்கும் ஊர் அது. ஆயினும் இந்த மரத்துக்கு அகப்படாது. மற்ற ஐந்து ஊர்களோ தவறாமல் அகப்படும். ஆகையால் நாலைந்து பெயர்களைத் தேடிப் பார்த்து, அவை கிடைத்துவிட்டன என்பதற்காக மரத்துக்கு நற்சான்று வழங்குவதும் கூடாது.

ஆறு ஒப்பீடும் சரியாக இருக்க, மரம் மட்டும் எப்படிப் பிழையாயிற்று? இங்கே நான் வகுப்பில் கையாண்ட உதாரணம் ஒன்றைச் சொல்கிறேன். இறைவணக்கத்துக்கு மாணவர்களை உயரவாரியாக ஒரே வரிசையில் நிறுத்துகிறோம். ஒவ்வொருவனும் தனக்கு முன்னே நிற்பவனைவிட உயரமானவனா என்று மட்டும் பார்த்தால் போதும். அடுத்தடுத்த இருவர் சரியாக இருந்தால் வரிசை முழுவதும் சரியாகவே இருக்கும். மரத்தில் அந்த நியாயம் செல்லாது. ஏனெனில் மரத்தில் வழி திரும்புகிறது. சுரண்டையிலிருந்து இடப்புறம் இறங்கியபோது, 'இனி வருவன யாவும் சுரண்டைக்கு முற்பட்டவையாக இருக்க வேண்டும்' என்று ஒரு நிபந்தனை பிறந்தது. கடையத்தில் வலப்புறம் திரும்பியபோது, 'கடையத்துக்குப் பிற்பட்டவையாக இருக்க வேண்டும்' என்று மற்றொரு நிபந்தனை சேர்ந்தது. இரண்டாவது வந்ததனால் முதலாவது நீங்கிவிடவில்லை. நம் மாணவன் தந்தையின் சொல்லைக் கேட்டான். பாட்டனின் சொல்லை மறந்துவிட்டான்.

தேடல் மரத்தின் இலக்கணத்தை ஒரு முறை கவனமாகச் சொல்லிப் பார்ப்போம். ஒவ்வொரு கணுவுக்கும் இடப்புறக் கிளையில் உள்ள யாவும் அதற்கு முற்பட்டவை. வலப்புறக் கிளையில் உள்ள யாவும் அதற்குப் பிற்பட்டவை. 'யாவும்' என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். பிள்ளை மட்டுமன்று, பேரன், கொள்ளுப்பேரன் எல்லாருக்கும் இந்த விதி பொருந்தும்.

சரியான சோதனைகள் இரண்டைச் சொல்கிறேன். முதலாவது எல்லைச் சோதனை. நிலம் பாகம் பிரிப்பதை நீங்கள் அறிவீர்கள். பாட்டன் தன் நிலத்தின் நடுவே ஒரு வரப்பு போட்டு மேற்புறத்தை மூத்த மகனுக்கும் கீழ்ப்புறத்தை இளைய மகனுக்கும் கொடுத்தார். மூத்தவர் தம் பங்கினுள் மற்றொரு வரப்பு போட்டுத் தம் மக்களுக்குப் பிரித்தார். பேரனுடைய வயல் தகப்பன் போட்ட வரப்புக்கும் உட்பட்டது. பாட்டன் போட்ட வரப்புக்கும் உட்பட்டது. மரத்திலும் இப்படியே ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு கீழெல்லை, ஒரு மேலெல்லை என்று இரண்டைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். வேருக்கு எந்த எல்லையும் இல்லை. இடப்புறம் இறங்கும்போது கீழெல்லை பழையபடியே இருக்கும். அந்தக் கணுவின் பெயர் மேலெல்லையாகும். வலப்புறம் இறங்கும்போது மேலெல்லை பழையபடியே இருக்கும். அந்தக் கணுவின் பெயர் கீழெல்லையாகும்.

நம் தாளில் இதைச் செய்து பார்ப்போம். சுரண்டைக்கு எல்லை இல்லை. கடையத்துக்கு மேலெல்லை சுரண்டை, உட்பட்டிருக்கிறது. கடையத்தின் வலப்புறம் வரும் கணுவுக்குக் கீழெல்லை கடையம், மேலெல்லை சுரண்டை. அங்கே நிற்பது தென்காசி. கடையத்தைத் தாண்டியிருப்பது சரி; ஆனால் சுரண்டையையும் தாண்டிவிட்டது. பாட்டன் வரப்பை மீறிய இடம் அகப்பட்டுவிட்டது. மரம் பிழை.

இதில் ஓர் எச்சரிக்கை. எல்லை இல்லாத இடத்தில் 'எல்லை இல்லை' என்றே குறிக்க வேண்டும். பெயருக்குப் பதில் எண்களை வைக்கும்போது சிலர் பூஜ்யத்தையோ, ஏதோ ஒரு மிகப் பெரிய எண்ணையோ வெளிவேலியாக வைத்துவிடுவார்கள். பூஜ்யத்துக்குக் கீழ்ப்பட்ட எண் மரத்தில் வந்தாலும், அந்தப் பெரிய எண்ணே மரத்தில் வந்தாலும், குற்றமற்ற மரம் குற்றவாளியாகிவிடும்.

இரண்டாவது, நடைச் சோதனை. மரம் முழுவதையும் ஓர் ஒழுங்கில் சுற்றி வருவது இது. எந்தக் கணுவுக்கு வந்தாலும், முதலில் அதன் இடப்புறக் கிளையை முற்றும் முடிக்க வேண்டும். பிறகு அந்தக் கணுவின் பெயரைச் சொல்ல வேண்டும். அதன்பின் வலப்புறக் கிளைக்குச் செல்ல வேண்டும். முதலில் எழுதிய சரியான மரத்தில் இவ்வாறு நடந்தால் ஆலங்குளம், கடையம், குற்றாலம், சுரண்டை, தென்காசி, பாவூர்சத்திரம், முக்கூடல் என்று அகர வரிசையே வாயில் வந்துவிடும். கிளைவிட்ட மரம் மறுபடியும் ஒற்றை வரிசையாகிவிட்டது! வரிசையாகிவிட்டால் பள்ளி மைதானத்து நியாயம் செல்லும். கடைசியாகச் சொன்ன ஒரு பெயரை மட்டும் நினைவில் வைத்து, அடுத்து வரும் பெயர் அதற்குப் பிற்பட்டதா என்று பார்த்தால் போதும்.

பிழையான மரத்தில் நடந்து பாருங்கள். ஆலங்குளம், கடையம், தென்காசி, சுரண்டை, குற்றாலம், பாவூர்சத்திரம், முக்கூடல் என்று வரும். தென்காசிக்குப் பின் சுரண்டை வருவது ஓர் இறக்கம். சுரண்டைக்குப் பின் குற்றாலம் வருவது மற்றோர் இறக்கம். முதல் இறக்கத்தில் முன்னே நிற்பது தென்காசி; கடைசி இறக்கத்தில் பின்னே நிற்பது குற்றாலம். இடம் மாறிய இரண்டும் இவையே! இரண்டே பெயர்கள் இடம் மாறியிருந்தால், பிழை உண்டு என்று அறிவதோடு நில்லாமல், எவை மாறின என்பதையும் நடைச் சோதனையால் கண்டு திருத்திவிடலாம்.

மூன்றாவதாக ஒரு முறை உண்டு. ஒவ்வொரு கணுவிலும் நின்று, இடப்புறக் கிளை முழுவதும் அலைந்து மிகப் பிற்பட்ட பெயரையும், வலப்புறக் கிளை முழுவதும் அலைந்து மிக முற்பட்ட பெயரையும் கண்டு ஒப்பிடுவது. விடை சரியாகவே வரும்; உழைப்புத்தான் வீண். மரம் ஒரே பக்கமாகச் சரிந்து 1,000 கணுக்கள் சங்கிலிபோல் தொங்கினால், 1,000, 999, 998 என்று கூட்டிக்கொண்டு போக 5 லட்சத்துக்கு மேற்பட்ட பார்வைகள் ஆகும். முன் சொன்ன இரண்டு சோதனைகளுக்கும் ஆயிரம் பார்வை போதும்.

இப்படிச் சரிந்த மரம் பிழையா என்று நீங்கள் கேட்கலாம். பிழையன்று, வரிசை கெடாதவரை அதுவும் முறையான தேடல் மரமே. ஆனால் தேடலில் விரைவு இராது. மரம் ஒரு பக்கமே சரியாமல் தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ளும் ஒரு முறையைச் சோவியத் நாட்டு அறிஞர்களாகிய அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் 1962-இல் வெளியிட்டார்கள். வரிசை வேறு, சமநிலை வேறு. நோயையும் களைப்பையும் ஒன்றாகக் கருதலாகாது அன்றோ?

இனி, நம் மொழிக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். எது முற்பட்டது, எது பிற்பட்டது என்பதை யார் தீர்மானிப்பது? தொல்காப்பியம் தமிழ் எழுத்துகளை அகரம் தொடங்கி னகரம் ஈறாக எண்ணுகிறது. மெய்களின் கடைசிப் பகுதியை நாம் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று படித்திருக்கிறோம். இன்று கணிப்பொறிகளில் வழங்கும் ஒருங்குறியில், இந்திய மொழி எழுத்துகளை ஒன்றுக்கொன்று இணையாக வைக்கும் பொருட்டு, நகரத்தின் அருகில் னகரமும், ரகரத்தின் அருகில் றகரமும், லகரத்தின் அருகில் ளகர ழகரங்களும் எண் பெற்றன. அதனால் அங்கே வகரம் ழகரத்துக்குப் பின்னே நிற்கிறது.

இதனால் விளைவது என்ன? எங்கள் பகுதியில் ஆவுடையானூர் என்றோர் ஊரும் ஆழ்வார்க்குறிச்சி என்றோர் ஊரும் உண்டு. நம் இலக்கண வரிசையில் ஆவுடையானூர் முன், ஆழ்வார்க்குறிச்சி பின். எழுத்தின் எண்ணை மட்டும் பார்க்கும் கணிப்பொறிக்கோ ஆழ்வார்க்குறிச்சி முன், ஆவுடையானூர் பின். இலக்கண வரிசையில் கட்டிய மரத்தை எண் வரிசையால் சோதித்தால், குற்றமற்ற மரத்தைப் பிழை என்று சொல்லிவிடும். எண் வரிசையால் தேடினால், இருக்கும் ஊரை இல்லை என்று சொல்லிவிடும். ஒருங்குறியை ஆக்கியவர்களும் எழுத்தின் எண்ணையே அகராதி வரிசையாகக் கொள்ளச் சொல்லவில்லை. வரிசைப்படுத்துவதற்குத் தனி விதிகளை வகுத்திருக்கிறார்கள். கட்டுவதற்கும் தேடுவதற்கும் சோதிப்பதற்கும் ஒரே துலாக்கோலைப் பயன்படுத்த வேண்டும் என்பதே இதில் நாம் கொள்ள வேண்டிய பாடம்.

ஒரே பெயர் இரு முறை வந்தால் என்ன செய்வது? எங்கள் ஆலங்குளம் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. சிமெண்டு ஆலையால் பெயர்பெற்ற மற்றோர் ஆலங்குளம் விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. நம் இலக்கணப்படி சமமான பெயருக்கு இடப்புறத்திலும் இடமில்லை, வலப்புறத்திலும் இடமில்லை. மாவட்டப் பெயரையும் சேர்த்து எழுதி இரண்டையும் வேறுபடுத்தலாம். அல்லது, சமமானவை ஒரே பக்கத்தில்தான் செல்லும் என்று முன்கூட்டியே விதி செய்து, அதற்கேற்பச் சோதனையையும் மாற்றிக்கொள்ளலாம். விதியைச் சொல்லாமல் சோதனையில் இறங்குவது கூடாது. அவ்வாறே, ஒரு கணுவும் இல்லாத வெறுமரத்தைச் சரியான மரம் என்றே கொள்ள வேண்டும். மீறுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஆலமரத்து விழுதுபோல் ஒரு கிளை மற்றொரு கிளையோடு இணைந்து ஒரு கணுவுக்கு இரண்டு தந்தையர் ஏற்பட்டால், அது இவ்வகை மரமே ஆகாது.

தேடுவதற்கும் சோதிப்பதற்கும் உள்ள ஒரு வேற்றுமையையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பத்து லட்சம் பெயருள்ள நிறைந்த மரத்தில் ஒன்றைத் தேட இருபது பார்வை போதும் என்றேன். அந்த மரம் பிழையற்றது என்று சொல்வதற்கோ பத்து லட்சத்தையும் பார்த்தாக வேண்டும். பாராமல் விட்ட ஒரே ஒரு கணுவில் பிழை இருக்கக்கூடும். பிழை உண்டு என்று காட்ட ஓர் இடம் போதும். பிழையே இல்லை என்று காட்ட எல்லா இடங்களையும் பார்க்க வேண்டும்.

இது கணிதத்தோடு முடிந்துவிடும் விஷயமன்று. பள்ளியை விட்டுச் சென்று பல ஆண்டுகள் கழித்து, பிறந்த தேதிக்குச் சான்று வேண்டி வருவோர் உண்டு. தலைமையாசிரியனாக இருந்த நாளில், 'பதிவேட்டில் பெயர் இல்லை' என்று எழுத்தர் வந்து சொன்னால், 'எப்படித் தேடினீர்கள்?' என்று கேட்பது என் வழக்கம். பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாரென்றால், மூலப் பதிவேட்டை ஒரு முறை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பார்க்கச் சொல்வேன். ஆவுடையப்பன் முன்னா, ஆறுமுகம் முன்னா என்று பட்டியல் எழுதியவர் ஒருவிதமாகவும் தேடுகிறவர் வேறுவிதமாகவும் கொண்டால், அதற்காக ஒரு குடும்பம் அலைய வேண்டியதில்லை அல்லவா? இன்று வாக்காளர் பட்டியல், தேர்வு முடிவு, குடும்ப அட்டை ஆகிய யாவும் கணிப்பொறியில் தேடப்படுகின்றன. 'இல்லை' என்று அது சொன்னால் வந்தவர் திரும்பிப் போகிறார். 'இருக்கிறது' என்று சொன்னால் அதை எடுத்துக் காட்ட வேண்டும். 'இல்லை' என்பதற்கோ எந்த ஆதாரமும் காட்ட வேண்டியதில்லை. அதனால்தான் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்கும் வரிசையை முன்கூட்டியே சோதித்து வைப்பது நாளைக்கு அப்பணியை ஏற்கப்போகும் உங்கள் கடமையாகிறது.

முடிவாக, உங்களுக்கு ஒரு பயிற்சி. உங்கள் ஊரைச் சுற்றியுள்ள பதினைந்து ஊர்ப் பெயர்களை எடுத்து நான்கு நிலை மரமாக எழுதுங்கள். அதில் இரண்டு பெயர்களை, தந்தைக்குத் தெரியாமல் பாட்டனுக்கு மட்டும் தெரியும்படி இடம் மாற்றுங்கள். தாளை நண்பரிடம் கொடுத்துப் பிழையைக் காணச் சொல்லுங்கள். எல்லைச் சோதனையாலோ நடைச் சோதனையாலோ அவர் கண்டுபிடித்துவிட்டால் பாடம் புரிந்துவிட்டது என்று பொருள். 'ஒவ்வொரு பிள்ளையும் தந்தையோடு பொருந்துகிறது. மரம் சரி' என்று அவர் சொன்னால், மாற்றிவைத்த ஊர்களில் ஒன்றைத் தேடச் சொல்லுங்கள். அந்த ஊர் அகப்படாதபோது அவரே உண்மையை உணர்ந்துகொள்வார்.